கல் சொன்னதும் நாம் சொல்வதும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் போதும்; ஒரே உருவத்துக்கு இரண்டு பெயர் காதில் விழும். எலும்பும் நரம்புமாய், ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கும் தவசியை ஒரு வழிகாட்டி அர்ச்சுனன் என்பார். அவருடைய கூட்டம் நகர்ந்ததும் அடுத்தவர் வந்து பகீரதன் என்பார். பாறையில் எழுதியிருப்பதை வாசிப்பதுபோல இருவரும் அவ்வளவு உறுதியாகச் சொல்வார்கள். பாறையிலோ தவசியின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. கண்ணில் படுவது உயர்த்திய கை மட்டுமே. அர்ச்சுனனும் பகீரதனும் அந்தக் கையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவுகள்.

கண்டதிலிருந்து காணாததற்குப் போகும் இந்த நடையை ஆங்கிலம் 'இன்ஃபரன்ஸ்' என்கிறது. தமிழில் அதற்கு ஈடாக அனுமானம், ஊகம், உய்த்துணர்வு என்று மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போடுகிறோம். மூன்றும் ஒன்றுதானா? ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? சொல்லாமல் நிற்கும் முடிவைத் தமிழ் மரபு எப்படி வகுத்துப் பார்த்தது? இந்தக் கேள்விகளைச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே கல் ஏராளம். தன்னைப் பற்றிச் சொல்லும் கல் கொஞ்சம். ஆகவே மாமல்லை வரலாறு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி உய்த்துணர்ந்ததுதான்.

சுமந்து செல்லும் சொல்

'இன்ஃபர்' என்ற வினை லத்தீனின் 'இன்ஃபெர்ரே'யிலிருந்து வந்தது. உள்ளே சுமந்து வருதல் என்பது அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் காலூன்றி, தெரிந்ததிலிருந்து ஒரு முடிவைக் கொண்டுவருதல் என்ற பொருளில் நிலைத்தது. தமிழின் 'உய்த்துணர்தல்' இதைப் பார்த்து ஆக்கிய கலைச்சொல் இல்லை. தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய 32 உத்திகளை அடுக்கும்போதே உய்த்துணர்தலை அவற்றில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. உய்த்தல் என்றால் செலுத்துதல், கொண்டு சேர்த்தல். ஆக, ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லப்படுகிறது என்ற ஒரே படத்தைப் பிடித்திருக்கின்றன. அதே பட்டியலில் வந்ததைக் கொண்டு வாராததை முடிப்பதும் ஓர் உத்தி. இலக்கணம் கற்றவர்கள் இதைவிடச் சுருக்கமாக இன்ஃபரன்ஸுக்கு விளக்கம் எழுதிவிட முடியாது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய தகராறு உண்டு. 'இம்ப்ளை' என்பது பேசுபவரின் வேலை. சொல்லுக்குள் ஒன்றை மடித்து வைப்பது. லத்தீன் வேரும் மடித்தல் என்பதுதான். 'இன்ஃபர்' கேட்பவரின் வேலை. மடிப்பைப் பிரித்து எடுத்துக்கொள்வது. இரண்டையும் குழப்பக்கூடாது என்று ஆசிரியர்கள் இன்றும் சிவப்பு மையால் கோடு போடுகிறார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தாமஸ் மோரே 'இன்ஃபர்' என்பதை இரண்டு பொருளிலும் எழுதியிருக்கிறார்.

தமிழ் இலக்கணத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பவணந்தியின் நன்னூல், தன் 32 உத்திகளில் ஒன்றை 'உய்த்துணர வைப்பு' என்கிறது. வைப்பவர் ஆசிரியர், உய்த்துணர்பவர் மாணவர். ஒரே வேர்; வேலை மட்டும் இரண்டு. குறளும் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்குக் கொடுத்திருக்கிறது. 71ஆம் அதிகாரம் அமைச்சனுக்கு. 110ஆம் அதிகாரம் காதலனுக்கு. முகத்தில் இருப்பது குறிப்பு, அதை எடுத்துக்கொள்வது அறிதல் என்ற பிரிவு அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

இன்னும் நுட்பமானது நம் 'உம்'. "மாமாவும் வந்திருந்தார்" என்று ஒருவர் சொன்னால், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் நாம் கேட்டுவிட்டோம். இதை எச்ச உம்மை என்று பள்ளியில் படித்தோம். தொல்காப்பியம் எச்சத்தைப் பத்தாக வகுக்கிறது. சொன்னதில் எஞ்சி நிற்பதுதான் எச்சம். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்துப் பாறைகளில் அது மறுபடி வரும்.

வழக்கில் என்ன ஆயிற்று? ஊகம் பேச்சில் யூகமாகி, தேர்தல் காலத்துச் செய்தித்தாளில் ஆதாரம் மெலிந்த கணிப்பாக இளைத்துவிட்டது. அனுமானம் தருக்க நூலில் கறாரான சொல். தெருவிலோ "அனுமானமாச் சொல்றேன், ஒரு நூறு பேர் இருக்கும்" என்கிற அளவில் குத்துமதிப்பாகிவிட்டது. உய்த்துணர்வு மட்டும் கெடாமல் இருக்கிறது, ஆனால் புத்தகத்தை விட்டு வெளியே வருவதில்லை. ஊகத்துக்குப் பழந்தமிழில் கருங்குரங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. கிளை விட்டுக் கிளை தாவுவது இரண்டுக்கும் பொது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உய்த்துணர்வு தாவுவதில்லை, சுமையோடு நடக்கிறது.

காஞ்சியிலிருந்து ஓர் அளவுகோல்

இந்த நடைக்கு விதி எழுதிய தமிழ் நூல் மணிமேகலை. அதன் 27ஆம் காதை, வைதிக மரபினர் சொல்லும் பத்து அளவைகளை வரிசையாகக் கூறுகிறது. கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருத்து, வடமொழியில் அனுமானம். கருத்தளவையை மூன்றாகப் பிரிக்கிறது. காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை உண்டென்று அறிவது பொது. வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்தது என்பது எச்சம். கறுத்த மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல்.

இரண்டாவது உதாரணத்தைச் செங்கல்பட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆண்டில் பெரும்பாலான மாதம் பாலாறு வெறும் மணல். பாலத்தில் போகிறவர்கள் ஒருநாள் தண்ணீரைப் பார்த்தால் "மேலே நல்ல மழை" என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் மேலே அணையைத் திறந்தாலும் தண்ணீர் வரும். வெள்ளத்துக்கு ஒரே காரணம் மழை என்ற, வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கை அந்த முடிவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை ஆடினால் முடிவும் ஆடும்.

29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் பௌத்தத் தருக்கம் இந்த இடத்தைத்தான் குறி வைக்கிறது. காட்டிய காரணம் முடிவுக்குச் சாதகமான இடத்திலும் பாதகமான இடத்திலும் ஒருங்கே இருந்தால் அந்தக் காரணம் செல்லாது. அந்தக் குற்றத்துக்குப் பெயர் அநைகாந்திகம். பெயர் வாயில் நுழையச் சிரமப்படலாம். மாமல்லபுரம் பற்றிய நூறாண்டு விவாதத்தை அளக்க இதைவிட நல்ல முழக்கோல் எனக்குக் கிடைக்கவில்லை.

மண்வெட்டி ஒப்புக்கொண்டவை

முதலில், உய்த்துணர்வு வென்ற இடங்களைப் பார்ப்போம். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அவர் நிலவியல் ஆய்வுத் துறை அதிகாரி. மனிதனைத் தேடிப் போனவர் இல்லை. கல்லின் ஓரத்தில் சில்லுகள் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டிருந்தன. உருண்டு தேய்ந்த கல்லில் அந்த ஒழுங்கு வராது. ஆகவே இதை ஒரு கை செய்திருக்கிறது என்று முடிவு செய்தார். பிளிறலைக் கேட்டு யானையை அறிந்தது போன்றது இது. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி அந்த ஒற்றைக் கல்லிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாவது, 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்குப் பக்கத்தில், அலை மணலை அரித்துப்போனதில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது. திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடுத்த கொடையை அது சொல்கிறது. சுற்றிப் பார்த்தால் கோயில் எதுவும் இல்லை. கொடை கொடுத்திருக்கிறார்கள் என்றால் கோயில் இருந்திருக்க வேண்டும். மேலே இல்லை என்றால் கீழே இருக்க வேண்டும். இந்திய தொல்லியல் துறை 2005இல் அகழ்ந்தது. பல்லவர் காலக் கருங்கல் கட்டடம் வந்தது, அதன் அடியில் அதனினும் பழைய செங்கல் கோயில் வந்தது, முன்னால் கல்லால் செய்த வேல் வந்தது.

இந்தச் செங்கல் இன்னொரு கேள்விக்கும் பதில் வைத்திருந்தது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் புகழ்பெற்ற கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை இவை இன்றி எழுப்பிய கோயில் என்று அவன் அதில் பெருமைப்படுகிறான். இவை இன்றி என்று ஒருவன் மார்தட்ட வேண்டுமானால், மற்றவர்கள் இவற்றைக் கொண்டுதான் கட்டியிருக்க வேண்டும். இந்த வகை முடிவுக்கு மணிமேகலையில் தனிப்பெயர் அருத்தாபத்தி. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தண்ணீருக்குள் என்று கொள்ளமாட்டோம், கரையில் என்றுதான் கொள்வோம் என்பது அந்த நூல் தரும் உதாரணம். வேறு வழியில் பொருள் நிற்காது என்பதால் எடுத்துக்கொள்ளும் முடிவு அது. சாளுவன்குப்பத்துச் செங்கல் மண்டகப்பட்டு அருத்தாபத்திக்குக் கையெழுத்துப் போட்டது.

ஆனால் அதே கல்வெட்டிலிருந்து எடுத்த இன்னொரு முடிவும் பாடநூல்களில் ஊறிப்போயிருக்கிறது: தமிழகத்தில் கல்லில் கோயில் எடுத்த முதல் மன்னன் மகேந்திரன் என்பது. கல்வெட்டு இன்றி என்கிறதே ஒழிய முதலில் என்று சொல்லவில்லை. அந்த முதலில் நாம் சேர்த்தது. சரியாகவும் இருக்கலாம், ஆனால் முன்னதற்கு இருக்கும் உறுதி இதற்கு இல்லை. ஒரே கல்லிலிருந்து இரண்டு சுமை எடுத்தோம். ஒன்றைத்தான் கல் தாங்குகிறது.

சாளுவன்குப்பத்திலும் இதே பிரிவு உண்டு. கீழே கோயில் இருக்கும் என்பதை மண்வெட்டி ஒப்புக்கொண்டது. அது சங்க காலத்தது என்பதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது செங்கல்லின் அளவு. படிந்த கடல் மணலைப் பார்த்து, கோயிலைச் சாய்த்தது பழைய ஆழிப்பேரலையாக இருக்கலாம் என்றார்கள். பாலாற்று வெள்ளம் இங்கே மணலாகத் திரும்பி வந்திருக்கிறது: மணலைக் கடல் கொண்டுவந்தது என்றாலும், ஆழிப்பேரலையா, புயல் அலையா, நீண்டகாலக் கடல் ஏற்றமா என்ற கேள்வி நிற்கிறது.

யார் செதுக்கியது?

அடுத்தது, உய்த்துணர்வுகள் ஒன்றோடொன்று மோதும் களம். மாமல்லபுரம் என்ற பெயரைக் கேட்டதும் மாமல்லன் கட்டினான் என்று கை நீள்கிறது. முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம் மாமல்லன். அவன் காலம் ஏறத்தாழ 630 முதல் 668 வரை. ஆனால் ஆழ்வார் பாசுரங்களில் ஊரின் பெயர் மல்லை, கடல்மல்லை. ஊருக்கு மன்னன் பெயர் கொடுத்தானா, இருந்த பெயரோடு பட்டம் பொருந்திவந்ததா என்பதே தனி ஆய்வு.

பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ராய் தூண்களைப் பார்த்து வரிசை போட்டார். தடித்த சதுரத் தூண் மகேந்திரன் பாணி, மெலிந்து சிங்கம் தாங்கும் தூண் மாமல்லன் பாணி, கட்டுமானக் கோயில் ராஜசிம்மன் பாணி என்று படிப்படியாக ஏறும் ஏணி அது. 1962இல் இரா. நாகசாமி அந்த ஏணியையே எடுத்துவிட்டார். மாமல்லபுரத்துச் சின்னங்கள் அத்தனையும் ஒரே மன்னன், ஏறத்தாழ 700 முதல் 728 வரை ஆண்ட ராஜசிம்மன் செய்தவை என்றார். கணேச ரதத்திலும் தருமராச ரதத்திலும் காணும் 'அத்யந்தகாமன்' என்ற பட்டம், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனின் பட்டவரிசையில் இருக்கிறது என்பது அவர் காட்டிய வலுவான காரணம். கே. ஆர். சீனிவாசன் பல்லவர் குடைவரைகளைப் பற்றி 1964இல் வெளிவந்த நூலில் பழைய வரிசையை நிலைநிறுத்தினார்.

இந்த வழக்கில் இரு தரப்பும் பார்ப்பது அதே தூண்கள், அதே எழுத்துகள். சான்றில் சண்டை இல்லை. சண்டை முழுக்க, யாரும் வாய்விட்டுச் சொல்லாத நடுவரியில் இருக்கிறது. ஒரு பாணி ஒரு காலத்துக்கே உரியது என்பது துப்ராயின் நடுவரி. ஒரே தச்சர் கூட்டத்தில் பழைய கையும் புதிய கையும் சேர்ந்து உழைத்திருந்தால் அது நிற்காது. ஒரு பட்டம் ஒரு மன்னனுக்கே உரியது என்பது நாகசாமியின் நடுவரி. பல்லவர்கள் பட்டங்களைப் பாட்டன் சொத்துபோல வழிவழியாகச் சூடியவர்கள். வேறொரு பல்லவ மன்னனான பரமேசுவரவர்மனுக்கும் அத்யந்தகாமன் என்ற பட்டம் உண்டு என்பது எதிர்த்தரப்பின் வாதம். அப்படியானால் பட்டம் இரு பக்கத்திலும் இருக்கிறது. அறவண அடிகள் இருந்தால் அநைகாந்திகம் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். தருமராச ரதத்தில் 'நரசிம்ம' என்ற பெயரே பொறித்திருந்தும் வழக்கு தீராததற்கும் இதுதான் காரணம்: பல்லவர் வழியில் நரசிம்மர்கள் இருவர், ராஜசிம்மனும் அவர்களில் ஒருவன்.

ஐயமே இல்லாமல் தெரிவதும் உண்டு. அதைத் தருவது முடிந்த வேலை இல்லை, முடியாத வேலை. தருமராச ரதத்தின் மேல் தளங்கள் நகாசு வரை முடிந்திருக்க, அடித்தளம் பாதியில் நிற்கிறது. ஆகவே மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். வலையன்குட்டை, பிடாரி ரதங்களிலும் பாதியில் விட்ட குடைவரைகளிலும் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சுற்றிலும் பள்ளமாக வெட்டி, நடுவில் மேடாக நிற்கும் சதுரத்தைத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். உளித் தடம் இன்னும் சாய்ந்தபடி நிற்கிறது. கடைவீதிப் பட்டறையில் கல் தட்டும் சிற்பியிடம் இதைக் காட்டினால், உளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். கோயிலுக்கு அது குறை. வரலாற்றுக்கு அதுதான் வாய். எச்சம் என்ற சொல் இலக்கணத்தில் எஞ்சியதைக் குறித்தது, தருக்கத்தில் விளைவிலிருந்து காரணத்தை அறிவதைக் குறித்தது. இந்தப் பாறைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஏழு என்ற எண்

கடலுக்கு வருவோம். ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ஏழு கோயில்கள் என்று பொருள்படும் 'செவன் பகோடாஸ்' என்ற பெயரால் அழைத்தார்கள். 1772இலும் 1776இலும் இங்கே வந்த வில்லியம் சேம்பர்ஸ், மூழ்கிய கோயில்களின் செப்புக் கலசங்கள் கடலில் மின்னியதைப் பெரியவர்கள் பார்த்ததாகக் கேட்டு, 1788இல் அச்சிட்டார். 2002இல் தேசிய கடலியல் நிறுவனத்தார் கரைக்கு அப்பால் முக்குளித்து, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர்போன்ற கட்டுமானங்களையும் சிதறிய கற்களையும் கண்டார்கள். 2004இல் அலை உள்வாங்கியபோது கரையில் நின்றவர்கள் கடலடியில் பாறை வரிசையைப் பார்த்தார்கள். அலை திரும்பிய பிறகு மணலுக்குள்ளிருந்து விலங்குச் சிற்பங்கள் வெளிப்பட்டன.

இதிலிருந்து என்ன வரும்? கரை முன்பு இன்னும் கிழக்கே இருந்திருக்கலாம், கட்டடங்கள் கடலுக்குள் போயிருக்கின்றன என்பது வரும். கோயில்கள் ஏழு என்பது வராது. ஏழு என்ற எண் கல்லில் இல்லை, கதையில் இருக்கிறது. கதைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று அந்த வாரத்துச் செய்திகள் எழுதியபோது, கதையின் ஒரு பாதிக்குக் கிடைத்த சான்றை மறு பாதியும் சேர்த்து எடுத்துக்கொண்டது. தவறான உய்த்துணர்வு பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. பொய்ச் சான்றோடு வருவதில்லை. மெய்ச் சான்றின் முதுகில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றிக்கொண்டு வருகிறது.

நீதிமன்றம் இதை நன்றாக அறியும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, இயல்பாக நடக்கக்கூடியதை நீதிபதி அனுமானிக்கலாம் என்றது. ஆவணம் கையில் இருந்தும் காட்டாதவருக்கு அந்த ஆவணம் பாதகமானது என்று கொள்ளலாம் என்பது அதன் உதாரணங்களில் ஒன்று, காட்டாததே சாட்சியாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் இதை வைத்துக்கொண்டது. அதே வேளை, 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளமும் போட்டது. சூழ்நிலைச் சாட்சியத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க, சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். குற்றவாளி அவரே என்பதைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. அநைகாந்திகத்தை நீதிமன்ற மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். இன்று செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் மாதிரி ஒரு கேள்விக்கு விடை தரும் வேலையையும் 'இன்ஃபரன்ஸ்' என்கின்றன. அங்கே நடுவரி கோடிக்கணக்கான எண்களுக்குள் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது இன்னும் கடினம்.

பூனை

மறுபடி பெரும்பாறைக்கு. அர்ச்சுனன் என்பவர்கள் தவசிக்கு எதிரே வரம் தரும் கையோடு நிற்கும் சிவனைக் காட்டுவார்கள். பாசுபதம் பெற்ற காட்சி என்பார்கள். அப்படியானால் வேடனும் பன்றியும் எங்கே என்று மறுதரப்பு கேட்கும். 1914இல் விக்டர் கோலூபியூ இது பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி என்றார். நடுப்பிளவில் நாகர்கள் நீந்துகிறார்கள், கரையில் ஒருவர் துணி பிழிகிறார், ஒருவர் குடம் சுமக்கிறார், பாறை உச்சியில் தண்ணீர் தேக்கிய தொட்டியின் அடையாளம் இருக்கிறது. அப்படியானால் கங்கை எங்கே என்று முன்னவர் கேட்பார். பிளவில் வழிந்த தண்ணீரே கங்கை என்று பதில் வரும். பத்மா கைமால் 1994இலும் மைக்கேல் ரேப் 2001இலும் மூன்றாவது வழியைக் காட்டினார்கள்: சிலேடையில் ஊறிய பல்லவ அவை, இரண்டு கதையையும் ஒரே பாறையில் வேண்டுமென்றே வைத்திருக்கிறது. நன்னூல் சொல்லில், இது ஓர் உய்த்துணர வைப்பு.

அந்த வழியை நான் ஏற்பதற்குக் காரணம் பாறையின் கீழ்ப்பகுதியில், யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. அடியில் எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் கதை இது: கங்கைக் கரையில் கை தூக்கி நின்ற பூனையை எலிகள் நம்பின, பூனை ஒவ்வொன்றாகத் தின்றது. மகாபாரதக் கதை என்பதால் அர்ச்சுனன் கட்சிக்கு இது சாட்சி. கங்கைக் கரை என்பதால் பகீரதன் கட்சிக்கும் சாட்சி.

மேலே தவசியைப் பாருங்கள், கீழே பூனையைப் பாருங்கள். இருவர் கையும் ஒரே மாதிரிதான் உயர்ந்திருக்கிறது. கை தூக்கியவர் தவசி என்பது எலிகளின் நடுவரி. அதை அவை யாரிடமும் சொல்லவில்லை, தமக்குள்ளும் சொல்லிப் பார்க்கவில்லை. சிற்பி அந்தக் காரணத்தைச் சாதகமான இடத்தில் ஒன்றும் பாதகமான இடத்தில் ஒன்றுமாக, ஒரே பாறையில் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அண்ணாந்து பார்த்து அர்ச்சுனன் என்றும் பகீரதன் என்றும் சொல்லும் நாம், பேசி முடித்த கையோடு ஒருமுறை குனிந்து எலிகளையும் பார்த்துவிட்டு வரலாம்.